பேயிடம் பெயர் கேட்கும் இடம்

கேள்வி: குன்னத்தூரிலிருந்து திருப்பூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. போகும்போதும் வரும்போதும் போனில் ஆங்கிலக் குறுநாவல்கள் படிக்கிறேன். பேய் வேட்டைக்காரர்கள், நகரத்து இருட்டு, நடுவில் ஒரு காதல் என்று நூறு நூற்றைம்பது பக்கக் கதைகள். முதல் பத்து பிரமாதமாக இருந்தன. இப்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன. சில தொடர்களில் பாதியில் நுழைந்ததுபோல ஒன்றும் புரியவில்லை. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த வரிசையில் படிப்பது? தமிழில் இப்படி உண்டா? ராத்திரியில் இந்த மாதிரிக் கதை படிக்கக் கூடாது என்று அம்மா சத்தம் போடுகிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்:

அம்மணி, கோபிச்செட்டிபாளையத்தில் 22 வருடம் வாடகை நூலகம் நடத்தியவள் நான். கடையை மூடிய பிறகு ஆங்கிலப் பேய்க் கதைகளை மின்னூலாகப் படிக்கத் தொடங்கினேன், இன்றுவரை விடவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வாடகைப் புத்தகத்தில் ஒரு சங்கதி உண்டு. முப்பது நாற்பது கை மாறிய மாத நாவலை மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தால், அது தானாகவே ஒரு பக்கத்தில் பிரிந்து விழும். வாசகர்கள் திரும்பத் திரும்பப் புரட்டிய பக்கம் அது. காதல் கதைகளில் அது எந்தப் பக்கம் என்று யாரும் ஊகித்துவிடலாம். பேய்க் கதைகளில், பேய் முதன்முதலில் தென்படும் பக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலும் அங்கே பிரியாது. பேய் வாய் திறந்து பேசும் பக்கத்தில் பிரியும். யாரோ ஒருவர் "நீ யார்?" என்று கேட்டு, அது பதில் சொல்லத் தொடங்கும் இடம். பயமெல்லாம் முதல் தடவையோடு தீர்ந்துவிடுகிறது. இரண்டாம் தடவை புத்தகத்தைக் கையில் எடுக்க வைப்பது அந்தப் பதில்.

ஒரு குறுநாவல் தேறுமா தேறாதா என்று பார்க்க இன்றும் எனக்கு அந்த இடம்தான் அளவுகோல். வேட்டைக்காரர் பேயிடம் பெயர் கேட்கிறாரா? கேட்டபின் அவருக்கு என்ன ஆகிறது? நீங்கள் படித்த பத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மனதில் நிற்பவற்றில் அந்த இடம் இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். நம்பியூருக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் தோட்டத்துச் சாளை. அங்கே புதிதாக வாழ வந்த ஒரு அக்காவுக்கு மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்றார்கள். கோடாங்கி வந்தார். சாணி மெழுகிய வாசல், முறத்தில் நெல், எலுமிச்சம்பழம், வேப்பிலைக் கொத்து, சூடம். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அவர் அழுத்தியும் தளர்த்தியும் அடித்தபோது, அந்த ஓசை ஒரு நேரம் அதட்டியது, ஒரு நேரம் விசும்பியது. அடிப்பார், விரட்டுவார் என்று நாங்கள் குழந்தைகள் கிளுவை வேலியோரம் நடுங்கிக்கொண்டு நின்றோம். அவர் விரட்டவில்லை. "யார் நீ? எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை? என்ன குறை உனக்கு?" இதையே கேட்டுக்கொண்டிருந்தார். நள்ளிரவுக்குப் பிறகு அக்கா ஒரு பெயரைச் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். பல வருடங்களுக்கு முன் அதே கிணற்றில் விழுந்து இறந்த பெண்ணின் பெயர் அது. ஊரில் யாரும் அதை உச்சரித்ததில்லை.

அக்காவுக்கு வந்த நோய்க்கு இன்று ஒரு மருத்துவர் வேறு பெயர் சொல்லக்கூடும். அதைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. எனக்கு மறக்காதது விடியற்காலை. கோடாங்கிக்குக் கம்மங்கூழ் கொடுத்தார்கள். சொம்பை அவரால் ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தும் கூழ் நெஞ்சில் சிந்தியது. ஒரு இரவு கேட்டதற்கே அவர் உடம்பு அப்படி ஆடிப்போயிருந்தது.

இனி உங்கள் ஆங்கிலக் கதைகளுக்கு வருவோம். அவற்றில் வரும் டீமனை நாம் பேய் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். வேறு வழியில்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நம் பேய் பெரும்பாலும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தது. ஆயுள் முடியுமுன் போனவர், அநியாயமாகச் செத்தவர், பிரசவத்தில் இறந்தவர். அதனிடம் பெயர் கேட்பது குறை என்ன என்று தெரிந்துகொள்ள. கிறித்தவ மரபின் டீமன் வீழ்ந்த தேவதூதன். அது மனிதனாக இருந்ததே இல்லை. அதனிடம் பெயர் கேட்பது அதைக் கட்டுவதற்கு. 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட, சாலமோன் அரசன் பெயரால் வழங்கும் மந்திர நூல் ஒன்றில் 72 டீமன்களின் பெயர், பட்டம், முத்திரை எல்லாம் வரிசையாக உண்டு. சாலமோன் அவற்றைப் பித்தளைக் கலத்தில் அடைத்தான் என்பது அந்த மரபின் நம்பிக்கை. உண்மைப் பெயர் தெரிந்தால் அடக்கலாம், வட்டம் போட்டால் தாண்டாது, முத்திரை வைத்தால் கட்டுப்படும் என்று உங்கள் கதைகளில் வரும் விதிகளுக்கு வேர் இப்படிப்பட்ட நூல்களில் இருக்கிறது.

பேய் வேட்டையும் காதலும் ஒன்றாக வரும் மிகப் பழைய கதைகளில் ஒன்று, கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கும் தோபித்து நூல். சாரா என்ற பெண்ணுக்கு ஏழு முறை திருமணம் ஆகிறது. ஏழு கணவர்களையும் முதலிரவிலேயே அசுமதேயு என்ற பேய் கொன்றுவிடுகிறது. எட்டாவதாக வரும் தோபியா, வானதூதர் ரபேல் சொல்லிக்கொடுத்தபடி, மீனின் ஈரலையும் இதயத்தையும் மணவறையில் தணலில் போட்டுப் புகைக்கிறான். அந்த நாற்றம் தாங்காமல் பேய் எகிப்துவரை ஓடுகிறது. ரபேல் துரத்திப் போய் அதைக் கட்டிப்போடுகிறார். தோபியாவின் பயணத்தில் கூடவே ஒரு நாயும் போகிறது. இன்றைய கதைகளின் சேர்மானம் பாதிக்கு மேல் இதிலேயே இருக்கிறது. ஏழு பேர் செத்த அறைக்குள், தெரிந்தே ஒருவன் எட்டாவதாகப் போகிறானே, அந்தக் கால் வைப்புதான் இந்த வகைக் கதைக்கு உயிர் என்று நினைக்கிறேன்.

எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதற்கு ஒரு காரணம், நீங்கள் இரண்டு வகையைக் கலந்து படிக்கிறீர்கள். நகர்ப்புற மிகைபுனைவு (அர்பன் ஃபேண்டஸி) ஒன்று, அமானுஷ்யக் காதல் கதை (பாராநார்மல் ரொமான்ஸ்) இன்னொன்று. கதையிலிருந்து காதலை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் நின்றால் முதல் வகை, சரிந்தால் இரண்டாம் வகை. முதல் வகையில் பெரும்பாலும் ஒரே நாயகியோ நாயகனோ தன் வாயால் கதை சொல்வார். பத்துப் பதினைந்து புத்தகத்துக்கு அவரே தொடர்வார். காதல் கைகூடலாம், கூடாமலும் போகலாம். இரண்டாம் வகையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு புது ஜோடி. உலகம் மட்டும் பழையது. முன் புத்தகத்தில் ஓரமாக நின்றவன் அடுத்ததில் நாயகன். இருவர் பார்வையிலும் கதை மாறி மாறி நகரும், முடிவு நிச்சயம் இனிமையாக இருக்கும். அந்த உறுதி இருப்பதால்தான் நடுவில் எவ்வளவு இருட்டையும் தாங்க முடிகிறது. இரண்டாம் வகையையே தொடர்ந்து பத்து படித்தால் சலிப்புத் தட்டத்தான் செய்யும். இரண்டுக்கு ஒன்று என்று முதல் வகையை இடையில் செருகுங்கள்.

அடுத்தது வரிசை. இதில்தான் உங்களைப் போன்ற பலர் காரணமே தெரியாமல் சிக்கிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் குறுநாவல் என்றால் பொதுவாக 17,500 சொல்லிலிருந்து 40,000 சொல்வரை. அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் கொடுக்கும் ஹ்யூகோ, நெபுலா விருதுகள் வைத்திருக்கும் கணக்கு அது. உங்கள் பஸ் பயணத்தில் இரண்டு நாளில் ஒன்று முடிந்துவிடும். ஆனால் இவற்றில் பல தனியாக நிற்பதற்கு எழுதப்பட்டவை அல்ல. பெரிய நாவல் தொடரின் இடுக்கில் வருபவை. அதனால்தான் 0.5, 1.5, 2.5 என்று எண் போட்டிருக்கிறார்கள். 0.5 என்றால் முதல் நாவலுக்கு முந்தைய கதை. 2.5 என்றால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே நடப்பது. முன்பெல்லாம் நான்கைந்து எழுத்தாளர்கள் சேர்ந்த தொகுப்பில் ஆளுக்கொன்றாக இப்படி எழுதுவார்கள். மின்னூல் வந்தபிறகு அவை தனித்தனியாகக் கிடைக்கின்றன. புது வாசகரை இழுக்க 0.5 கதையை இலவசமாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. உங்கள் போனில் சேர்ந்ததில் பாதி அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பாட்ரிசியா பிரிக்ஸ் 2007இல் ஒரு தொகுப்பில் 'ஆல்ஃபா அண்ட் ஒமேகா' என்ற குறுநாவலை எழுதினார். ஓநாய் மனிதர்களின் கதை. அதில் வரும் இருவரை வைத்தே 2008இல் 'க்ரை வுல்ஃப்' என்ற நாவல் வந்தது. அட்டையைப் பார்த்தால் அதுதான் தொடரின் முதல் புத்தகம். ஆனால் குறுநாவல் முடிந்த இடத்திலிருந்து அது தொடங்குகிறது. குறுநாவலைப் படிக்காமல் நேரே நாவலுக்குப் போனால், இருவரும் சந்தித்த கதையே தெரியாமல் உறவின் நடுவில் போய் விழுவீர்கள். நானும் அப்படித்தான் விழுந்தேன், நாற்பது பக்கம் போனபிறகு திரும்பி வந்தேன். குழப்பமாக இருந்தால் உங்கள் ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணைப் பாருங்கள். 0.5 என்றிருந்தால் துணிந்து தொடங்கலாம். 1.5க்கு மேல் என்றால் முந்தைய நாவலைத் தேடுங்கள்.

என்ன படிப்பது என்பதற்கு நான் நீண்ட பட்டியல் தருவதில்லை. உங்களுக்கு மூன்று போதும். மூன்றுமே நாவல்கள். இவை பிடித்துப்போனால் குறுநாவல்கள் தாமாகவே பின்னால் வரும்.

லாரிஸா அயோனின் 'ப்ளஷர் அன்பவுண்ட்' 2008இல் வந்தது. நியூயார்க் நகரத்தின் அடியில் டீமன்களுக்கென்றே ஒரு மருத்துவமனை. மருத்துவர்களும் டீமன்கள்தான். அங்கே குற்றுயிராக ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார்கள். அவள் டீமன்களைக் கொல்வதையே தொழிலாகக் கொண்ட வேட்டைக்காரி. மேசைமேல் கிடப்பவள் தன் இனத்தைக் கொல்பவள் என்று தெரிந்தே அந்த மருத்துவர் அவளுக்குச் சிகிச்சை செய்கிறார். கத்தி ஏந்த வேண்டியவள் படுத்துக் கிடக்கிறாள், கொல்லப்பட வேண்டியவன் கையில் கத்தி இருக்கிறது. கதை போகப்போக "நீ யார்?" என்ற கேள்வி அவள் பக்கமே திரும்புகிறது. அதற்குமேல் சொன்னால் சுவை போய்விடும். படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாக இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜூலி கென்னரின் 'கார்ப்பி டீமன்' 2005இல் வந்தது. கலிஃபோர்னியாவில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கும் ஒரு பெண். பேய் வேட்டையிலிருந்து ஓய்வு பெற்றவள், கணவருக்கு அது தெரியாது. ஒருநாள் சமையலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு பழைய தொழில் வீட்டுக்குள் வருகிறது. இதில் இருட்டு குறைவு. ஆனால் வீட்டு வேலையும் வேட்டையும் ஒரே உடம்பின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய கதை வேறொன்றை நான் படித்ததில்லை.

மூன்றாவது, நளினி சிங்கின் 'ஏஞ்சல்ஸ் பிளட்', 2009. ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். இதில் நாயகி டீமன்களைத் தேடுபவள் அல்ல. தப்பியோடிய ரத்தக் காட்டேரிகளைப் பிடித்துக் கொடுக்கும் சங்கத்தைச் சேர்ந்தவள். அவளுக்கு வேலை கொடுப்பவன் ஒரு தலைமை வானதூதன். அவன் பெயர் ரபேல். தோபித்து நூலில் வழித்துணையாக வந்த அதே பெயர், இங்கே ஊரே நடுங்கும் உருவம். இந்தத் தொடரின் குறுநாவல்கள் நான்கைச் சேர்த்து 2012இல் 'ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்' என்று ஒரே தொகுப்பாகப் போட்டார்கள். முதல் நாவலை முடித்துவிட்டு அதை எடுங்கள். குறுநாவல் தொடருக்குள் எப்படிப் பொருந்துகிறது என்பதை அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

ஆங்கிலச் சொற்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நமக்கு அடிக்கும் யோகம் மற்றவர்களுக்கு இல்லை. 'வார்டு' என்று வருவது காப்பு. வாசலில் கட்டுவதும் கையில் கட்டுவதும் இரண்டும் அதில் அடக்கம். 'சிஜில்' என்பதற்குத் தகட்டில் கீறும் எந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதியோடு ஒட்டிக்கொண்டு ஏவலுக்கு ஓடும் 'ஃபெமிலியர்' ஏறத்தாழ நம் குறளி. 'கிளாமர்' என்றால் பார்ப்பவர் கண்ணைக் கட்டிவிடுவது. ஒரே ஒரு இடத்தில் ஆங்கிலம் நம்மைவிட ஏழை. 'பொசெஷன்' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் திண்டாடுகிறார்கள். பேய் பிடிப்பது வேறு, சாமி வருவது வேறு என்று பண்ணாரி அம்மன் கோயில் தீமிதிக் குண்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். முதலாவதில் ஆளைக் கட்டி வைப்பார்கள், இரண்டாவதில் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். ஆங்கிலக் கதையில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் இது எது என்று உங்களையே கேட்டுக்கொண்டு படியுங்கள். பேய் பிடித்ததாகத் தொடங்கி சாமி வந்ததாக முடிகிற கதைகள் அங்கேயும் உண்டு. அப்படி முடிவதை எழுதியவரே கவனித்திருக்க மாட்டார், நீங்கள் கவனிப்பீர்கள்.

இருட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த வகையில் கடத்திக்கொண்டு போவது, அடைத்து வைப்பது, விதி சேர்த்துவைத்த துணை என்று சொல்லி மறுக்கவே விடாமல் செய்வது எல்லாம் வரும். பேயின் கையில் வசியம் இருக்கும்போது அவள் சொல்லும் "சரி" உண்மையிலேயே அவளுடையதா? நல்ல எழுத்தாளர் இந்தக் கேள்வியை விட்டு ஓட மாட்டார். எங்கேயாவது ஒரு இடத்தில் கதவைத் திறந்து வைத்து, வசியத்தை எடுத்துவிட்டு, போக நினைத்தால் போகலாம் என்று அவளை நிற்க வைப்பார். அதன்பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதில்தான் காதல் இருக்கிறது. அந்த இடமே இல்லாமல் கொடுமையை எல்லாம் காதல் என்று பெயர் மாற்றி முடிக்கும் கதைகளை நான் பாதியில் மூடிவிடுவேன். நீங்களும் மூடுங்கள். காசு கொடுத்து வாங்கினோமே என்று கடைசிவரை படிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பல புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே உள்ளே என்னென்ன கொடுமை வரும் என்று எச்சரிக்கை போடுகிறார்கள். அதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். வீட்டில் பதினெட்டு நிரம்பாத தம்பி தங்கைகள் இருந்தால் போனைப் பூட்டி வையுங்கள்.

தமிழில் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் நீங்கள் தேடும் அதே வடிவத்தில் அல்ல. நம் மாத நாவல் இருக்கிறதே, அதுவே அளவில் ஒரு குறுநாவல்தான். அமானுஷ்யத்தை அந்த அளவுக்குள் கொண்டுவந்தவர்களில் இந்திரா சௌந்தர்ராஜனை முதலில் சொல்ல வேண்டும். என் கடையில் அவர் புத்தகம் ஒருநாளும் அலமாரியில் தங்கியதில்லை. கோவைக்காரரான ராஜேஷ்குமார் குற்றக் கதைகளின் ஆள். ஆனால் அமானுஷ்யம்போலத் தொடங்கி அறிவியலில் கொண்டுபோய் நிறுத்தும் வித்தை அவருக்குக் கைவந்தது. இவர்களிடம் காதல் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும். வேட்டைக்காரனும் பேயும் காதலிப்பது நம் மாத நாவல்களில் அரிது. நம் பேய் செத்த மனிதராக இருப்பதால், அதோடு காதல் என்றால் அது பிரிவின் கதையாகவே ஆகிவிடுகிறது.

ஆனால் பழைய இடங்களுக்குப் போனால் வயிறு நிறையக் கிடைக்கும். 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைப் பள்ளியில் போர் நூல் என்று சொல்லிக் கடந்துபோயிருப்பார்கள். அது தொடங்குவது போரில் அல்ல. கடவுள் வாழ்த்து முடிந்ததும் கடை திறப்பு. ஊடிக் கதவடைத்த பெண்களைக் கதவு திறக்கச் சொல்லும் காதல் பாட்டுகள். அதற்கு அடுத்தே வெந்து கிடக்கும் பாலைக் காடு, காளி கோயில், பசியில் வற்றிய பேய்கள். கடைசியில் போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைத்து உண்கின்றன. காதலையும் பேயையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் கூர்மையாகும் என்று அந்த மனிதருக்கு 900 வருடங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. உரையோடு கூடிய பதிப்பாக வாங்குங்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் தேடினால் கிடைக்கும்.

நம் கொங்கு நாட்டுக்கே சொந்தமானது அண்ணமார் கதை. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார், தங்கை அருக்காணி, எதிரே கொம்பன் என்ற பெரும் பன்றி. உடுக்கடிப் பாட்டாக இரவிரவாகப் பாடுவார்கள். பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1960களில் காங்கயம் பக்கம் வந்து தங்கி இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்து, ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். உங்கள் கண்ணோடு இதைப் பாருங்கள். வேட்டைக்குக் கூட்டிப்போகாமல் விட்டுவிட்டுப் போன சின்ன நாய் பொன்னாச்சி, அவள் வந்து சேரும்வரை கொம்பனை யாராலும் வீழ்த்த முடியவில்லை. வேட்டை வென்றபிறகு அண்ணன்மார் உயிரோடு வீடு திரும்புவதுமில்லை. தங்கை காடெல்லாம் தேடி அலைந்து, விழுந்து கிடப்பவர்களைக் கண்டுபிடித்து எழுப்புகிறாள், எழுந்தவர்கள் சற்றே பேசிவிட்டு மறுபடி போய்விடுகிறார்கள். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசி மாதம் இதற்கான திருவிழா நடக்கிறது. படுகளம் என்ற சடங்கில் ஆட்கள் உயிரற்றவர்போல விழுந்து கிடப்பார்கள், தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் அந்தத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். யாரென்றே தெரியாதவர். அவர் வாய் "எழுந்திரு சாமி, எழுந்திரு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வேட்டைக்காரன் வெற்றியோடு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்துபோகும் முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

சூரபத்மனையும் மறக்க வேண்டாம். முருகன் வேலால் பிளந்தபிறகு அவன் மயிலாகவும் சேவலாகவும் ஆகிறான். ஒன்று வாகனம், ஒன்று கொடி. அசுரனை வென்று கூடவே வைத்துக்கொண்ட கதை அது. பழனி மலையில் நின்று மயிலைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பேயை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் இந்த ஆங்கிலக் காதல் கதைகள் அந்நியமாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியாக அம்மா. அவர் சொல்வதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். தனியாக, வெளிச்சத்தை அணைத்துவிட்டு, போனின் ஒளியில் கொலையும் ரத்தமுமாக இரவு ஒரு மணிவரை படித்தால் தூக்கம் கெடும், மறுநாள் கணக்கில் தப்பு வரும். அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி. பேய்க் கதையைப் பஸ்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள், இரவுக்கு வேறு புத்தகம் எடுங்கள். ஆனால் படிக்கவே கூடாது என்பதற்கு நம் ஊரில் ஆதாரம் இல்லை. நாங்கள் சிறுவயதில் உடுக்கடிப் பாட்டு கேட்டதெல்லாம் இரவில்தான், பெரியவர்கள் மடியில் தலைவைத்துத்தான். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு உங்கள் அம்மா போயிருப்பார். அநியாயம் நடந்தவர்கள் அங்கே மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுகிறார்கள். மயானத்தில் படுத்திருக்கும் பெண் தெய்வத்திடம் நீதி கேட்கும் ஊர் இது. இருட்டான கதை நம் வீட்டுக்குப் புதிதல்ல.

ஆகவே அவரிடம் பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். குன்னத்தூரைச் சுற்றி எந்தப் புளியமரத்தடியில், எந்தக் கிணற்றடியில் உச்சிப் பொழுதில் போகாதே என்று அவருடைய அம்மா சொன்னார்? முதலில் மழுப்புவார். சும்மா இருங்கள், விட்டுவிடாதீர்கள். அங்கே இருப்பது யார், அவள் பெயர் என்ன என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.